மாதிரியில் ஒரு பெட்டி, தரவுத்தளத்தில் எத்தனை டேபிள்? உள்வகைகளுக்கு நான்கு வழிகள்

தரவு மாதிரி வரைந்து முடித்தவர்கள் டேபிள் எழுத உட்காரும்போது தடுக்கி நிற்கும் இடம் அநேகமாக ஒன்றுதான். வரைபடத்தில் "வரவு" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதன் கீழே "அட்டை வரவு", "வங்கிப் பரிமாற்றம்", "காசோலை" என்று மூன்று உள்வகைகள். இதற்கு ஒரு டேபிள் போதுமா, மூன்று வேண்டுமா, நான்கா?

ஒரு பெட்டி என்றால் ஒரு டேபிள் என்று மனத்தில் பதிந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். எட்கர் காட் 1970-இல், தரவை டேபிள்களாக வைக்கும் உறவுநிலை மாதிரியை முன்வைத்தார். பீட்டர் சென் 1976-இல், பொருள்களையும் (என்டிட்டி) அவற்றின் தொடர்புகளையும் காட்டும் என்டிட்டி-உறவு வரைபடத்தைக் கொடுத்தார். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி எவையெல்லாம் எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்வது வரைபடம். அந்த உண்மைகளை எந்த வரிசையில், எந்த நெடுவரிசையில் வைப்பது என்று சொல்வது டேபிள். முன்னதிலிருந்து பின்னதுக்குப் போகும் வழியில் பெரும்பகுதி இயந்திரகதியில் நடக்கும். சாதாரண என்டிட்டிக்கு ஒரு டேபிள். ஒன்றுக்குப் பல என்ற உறவில் "பல" இருக்கும் பக்கத்தில் ஒரு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் நெடுவரிசை). பலவுக்குப் பல என்றால், இரண்டு பக்கத்துச் சாவிகளையும் சேர்த்துப் பிரைமரி கீயாக (ஒரு வரிசையை அடையாளம் காட்டும் சாவியாக) கொண்ட ஓர் இணைப்பு டேபிள். ஒரே பண்புக்குப் பல மதிப்புகள் வந்தால் அதற்குத் தனி டேபிள். இவற்றில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

உள்வகைகளுக்கு மட்டும் அப்படி ஒரே விதி கிடையாது. அங்கே நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் நடைமுறையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்களே தேர்ந்தெடுக்காவிட்டால், பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் (ரெயில்ஸ், ஹைபர்நேட், ஜாங்கோ போன்ற நிரல் கட்டமைப்பு) உங்களுக்காகத் தேர்ந்தெடுத்துவிடும். ரெயில்ஸ் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டு "டைப்" என்ற நெடுவரிசையால் பிரிக்கும். ஹைபர்நேட்டும் வேறு சொல்லாவிட்டால் ஒரே டேபிள்தான். ஜாங்கோவில் சாதாரண வாரிசு கிளாஸ் (பொது வகையிலிருந்து பிறக்கும் நிரல் வகை) எழுதினால் பொது டேபிளும் தனி டேபிளும் உருவாகும். பொதுக் கிளாஸை அப்ஸ்ட்ராக்ட் என்று குறித்தால் வகைக்கொரு டேபிள். கிளாஸ் எழுதிய விதத்தின் பக்கவிளைவாக இது நடக்கக் கூடாது.

எடுத்துக்காட்டு இதுதான். எல்லா வரவுக்கும் எண், தேதி, தொகை, எந்த விலைப்பட்டியலுக்கு வந்தது என்ற நான்கும் உண்டு. அட்டைக்குக் கடைசி 4 இலக்கமும் ஒப்புதல் குறியீடும். பரிமாற்றத்துக்கு வங்கிக் குறிப்பு எண். காசோலைக்கு அதன் எண், வங்கி, காசோலைத் தேதி. இவற்றைச் சுட்டும் இரண்டு டேபிள்களும் உண்டு: "ரீஃபண்டு" எந்த வகை வரவையும் சுட்டலாம், "காசோலை மறுப்பு" (வங்கி பணம் தராமல் திருப்பியது) காசோலையை மட்டுமே சுட்ட வேண்டும். இந்த இரண்டாவது விதிதான் பிறகு பல விஷயங்களைத் தீர்மானிக்கப் போகிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: மாதிரியில் இருக்கும் விதிகளில் எத்தனையைத் தரவுத்தளமே காக்க முடியும்? "காசோலை என்றால் காசோலை எண் கட்டாயம்" என்பது ஒரு விதி. அதை நிரலில் மட்டும் எழுதினால், நேரடியாக எஸ்க்யூஎல் (தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழி) ஓட்டுபவரும், பழைய தரவைக் கொண்டுவந்து கொட்டும் ஸ்கிரிப்டும் அதை மீறுவார்கள்.

இரண்டாவது: யார் இதைச் சுட்டுகிறார்கள்? பொதுவாக "ஒரு வரவு" என்று சுட்டுகிறார்களா, குறிப்பிட்ட உள்வகையையா?

மூன்றாவது: கேள்விகள் எப்படி வருகின்றன? "இந்த மாதம் மொத்த வரவு எவ்வளவு" என்பது எல்லா வகையையும் தொடும். "இன்னும் வங்கியில் போடாத காசோலைகள்" ஒன்றை மட்டும் தொடும்.

நான்காவது: மாற்றம். புதிய உள்வகை சேர்ந்தால் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டும்? ஒரு வரிசை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுமா? வரவு மாறாது, ஆனால் தற்காலிக ஊழியர் நிரந்தர ஊழியர் ஆவார்.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்: ஒரே பொருள் ஒரே நேரத்தில் இரண்டு உள்வகையாக இருக்க முடியுமா? ஒரு வரவு அட்டையாகவும் காசோலையாகவும் இருக்காது. ஆனால் ஒருவர் மாணவராகவும் ஊழியராகவும் இருக்கலாம். இதற்கு விடை தெரியாமல் டேபிள் பக்கம் போகவே வேண்டாம்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பலர் முதல் அளவுகோலாக வைக்கிறார்கள். என் கணக்கில் அது கடைசி. காரணம் கீழே வருகிறது.

## வழி 1: எல்லாம் ஒரே டேபிளில்

பொது நெடுவரிசைகள், "வகை" என்று ஒன்று, பிறகு மூன்று உள்வகைகளின் நெடுவரிசைகளும். தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் மதிப்பே இருக்காது. எஸ்க்யூஎல் "நல்" என்று சொல்லும் அந்த நிலையை இங்கே "வெற்று" என்கிறேன்.

வெற்று நெடுவரிசைகள் இடத்தை வீணாக்கும் என்ற பயம் தேவையில்லை. போஸ்ட்கிரஸில் (மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் போல ஒரு தரவுத்தள மென்பொருள்) ஒரு வெற்று மதிப்பு பிடிக்கும் இடம் 1 பிட். மாறாக, ஒவ்வொரு வரிசைக்கும் 23 பைட் தலைப்பு உண்டு. சீரமைப்போடு அது 24 ஆகும், தரவு சேமிக்கும் பக்கத்தில் (பேஜ்) அதற்கான சுட்டி இன்னொரு 4 பைட். ஒரு வரவை இரண்டு டேபிளாக உடைத்தால் அந்த 28 பைட்டை இரண்டு முறை கொடுக்கிறீர்கள், கூடவே இன்னொரு பிரைமரி கீ இண்டெக்ஸும் (விரைவாகத் தேட உதவும் அகராதி). இடம்தான் கவலை என்றால் ஒரே டேபிள்தான் பெரும்பாலும் சிறியது.

உண்மையான விலை, கட்டாய விதிகளில் இருக்கிறது. காசோலை எண்ணை நாட்-நல் (வெற்றாக இருக்கக் கூடாது) என்று அறிவிக்க முடியாது. அட்டை வரவுக்கு அது வெற்றாகத்தானே இருக்கும். அதனால் ஒவ்வொரு விதியையும் செக் கட்டுப்பாடாக எழுத வேண்டும் (இந்த "செக்" காசோலை அல்ல; வரிசை ஏறும்போது தரவுத்தளம் சரிபார்க்கும் விதி). இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். செக் விதி "பொய்" என்று வந்தால் மட்டுமே வரிசையைத் தடுக்கும். "தெரியாது" என்று வந்தால் விட்டுவிடும். "வகை காசோலை அல்ல, அல்லது காசோலை எண்ணின் நீளம் 0-ஐ விட அதிகம்" என்று எழுதினால் பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் எண் வெற்றாக இருக்கும் காசோலைக்கு முதல் பாதி பொய், இரண்டாம் பாதி தெரியாது; மொத்தம் தெரியாது. எண்ணே இல்லாத காசோலை உள்ளே போய்விடும்.

அதனால் இருப்பு விதியைத் தனியாக, "வெற்றா, இல்லையா" என்ற கேள்வியாக மட்டும் எழுதுங்கள்:

(வகை = 'காசோலை') = (காசோலை_எண் வெற்று அல்ல)

இரண்டு பக்கமும் உண்மை அல்லது பொய் மட்டுமே தரும். வகை நெடுவரிசை நாட்-நல் ஆக இருந்தால் "தெரியாது" வரவே வராது. காசோலைக்கு எண் கட்டாயம், மற்றவற்றுக்கு எண் இருக்கவே கூடாது என்ற இரண்டையும் இந்த ஒரே வரி காக்கும். போஸ்ட்கிரஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் இப்படியே எழுதலாம். எஸ்க்யூஎல் சர்வரில் உண்மை-பொய்யை நேரடியாக ஒப்பிட முடியாது. அங்கே "இதுவும் அதுவும், அல்லது இதுவும் இல்லை அதுவும் இல்லை" என்று விரித்து எழுத வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்பென்றால் இதெல்லாம் வீண்: அது செக் விதியைப் படித்துவிட்டு, பிழை எதுவும் சொல்லாமல், அமல்படுத்தாமல் விட்டுவிடும்.

"ஒரே வங்கியில் ஒரே காசோலை எண் இரண்டு முறை வரக் கூடாது" போன்ற தனித்துவ விதியும் கவனம் கேட்கும். போஸ்ட்கிரஸில் வெற்று மதிப்புகள் ஒன்றுக்கொன்று வேறு என்றே கொள்ளப்படும். அதனால் சாதாரண யுனீக் (ஒரே மதிப்பு திரும்ப வரக் கூடாது என்ற விதி) போதும். எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டும் வெற்றாக உள்ள இரண்டாவது வரிசையே மோதிவிடும். அங்கே காசோலை வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும் யுனீக் ஃபில்டர் இண்டெக்ஸ் போட வேண்டும்.

"காசோலை மறுப்பு" காசோலையை மட்டும் சுட்ட வேண்டும் என்பதையும் இந்த வழியில் காக்கலாம், ஆனால் அதற்கு ஒரு உத்தி வேண்டும். அது வழி 3-இல் வருகிறது. இங்கும் அப்படியே செல்லும்.

மறைந்த செலவு எதுவென்றால், டேபிளைப் பார்த்து மாதிரியைப் படிக்க முடியாமல் போவது. எந்த நெடுவரிசை எந்த வகைக்கு உரியது என்பது செக் விதிகளில்தான் இருக்கும். உள்வகைக்கு 3, 4 நெடுவரிசை என்றால் தலையில் நிற்கும். 10, 15 ஆனால் நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் பெரிய டேபிளில் புதிய செக் விதி சேர்த்தால், போஸ்ட்கிரஸ் முழு டேபிளையும் படித்துச் சரிபார்க்கும்வரை அந்த டேபிளில் எழுதுவதும் படிப்பதும் நிற்கும். "நாட் வேலிட்" என்று சேர்த்துவிட்டு, பிறகு தனியாக "வேலிடேட்" செய்தால் அந்தத் தடை வராது.

உள்வகைகள் சில நெடுவரிசைகளில் மட்டும் வேறுபட்டு, பெரும்பாலான கேள்விகள் எல்லா வகையையும் சேர்த்தே வந்தால், இந்த வழியை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

## வழி 2: வகைக்கொரு டேபிள், பொது டேபிள் இல்லை

மூன்று டேபிள். ஒவ்வொன்றிலும் தேதி, தொகை உள்பட எல்லா நெடுவரிசைகளும் திரும்ப வரும். எல்லாவற்றையும் நாட்-நல் ஆக்கலாம், ஒவ்வொன்றும் தன்னளவில் தெளிவாக இருக்கும், காசோலை மறுப்பு நேராகக் காசோலை டேபிளைச் சுட்டும். முதல் வாரத்தில் மிக அழகாகத் தெரியும் வழி இதுதான்.

ரீஃபண்டு வரும்போது அழகு போய்விடும். ஒரு ஃபாரின் கீ ஒரு டேபிளைத்தான் சுட்டும். மூன்றில் ஏதோ ஒன்றைச் சுட்டச் சொல்ல முடியாது. தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. "வரவு வகை, வரவு எண்" என்று இரண்டு நெடுவரிசை வைத்து ஃபாரின் கீயே இல்லாமல் விடுவது ஒன்று: வரவு அழிந்த பிறகும் ரீஃபண்டு அநாதையாக நிற்கும், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். இன்னொன்று, மூன்று வெற்று-ஆகக்கூடிய ஃபாரின் கீ வைத்து, "சரியாக ஒன்றுதான் நிரம்பியிருக்க வேண்டும்" என்று செக் எழுதுவது. இது நேர்மையான தீர்வு. ஆனால் நான்காவது வகை வந்த அன்று, வரவைச் சுட்டும் ஒவ்வொரு டேபிளையும் திறந்து மாற்ற வேண்டும்.

எண்களும் மோதும். மூன்று டேபிளும் தனித்தனியே 1-இலிருந்து எண்ணத் தொடங்கினால் "வரவு எண் 57" என்பது மூன்று இடத்தில் இருக்கும். மூன்றுக்கும் பொதுவான ஒரே சீக்வென்ஸ் (அடுத்த எண்ணை வழங்கும் எண்ணி) வைத்தால் இது தீரும். ஆனால் யாராவது கையால் எண்ணைப் போட்டால் தடுக்க ஆளில்லை. டேபிள்களைத் தாண்டிய தனித்துவ விதி என்று ஒன்று எஸ்க்யூஎல் நடைமுறையில் கிடையாது.

மொத்த வரவு கேட்டால் மூன்றையும் யூனியனால் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு சத்தமில்லாத பிழை காத்திருக்கிறது: "யூனியன்" என்று மட்டும் எழுதினால் ஒரே மாதிரியான வரிசைகளை ஒன்றாக்கிவிடும். தேதியும் தொகையும் மட்டும் எடுத்தீர்கள் என்றால், ஒரே நாளில் வந்த ஒரே அளவிலான இரண்டு வரவுகள் ஒன்றாகி, மொத்தம் குறையும். "யூனியன் ஆல்" என்றே எழுத வேண்டும்.

போஸ்ட்கிரஸின் டேபிள் வாரிசு வசதி (தாய் டேபிளின் நெடுவரிசைகளைக் குழந்தை டேபிள்கள் பெறுவது) இதற்கெல்லாம் மருந்து போலத் தோன்றும். மருந்து அல்ல. தாய் டேபிளின் யுனீக் விதி குழந்தை டேபிள்களுக்கு இறங்காது. தாயைச் சுட்டும் ஃபாரின் கீ, குழந்தையில் உள்ள வரிசைகளைப் பார்க்காது. நமக்கு வேண்டிய இரண்டும் அங்கேதான் இல்லை.

பெயரில் மட்டும் ஒற்றுமை இருந்து, யாரும் பொதுவாகச் சுட்டாமல், யாரும் சேர்த்துக் கேள்வி கேட்காமல் இருந்தால் இந்த வழி சரி. ஆனால் அப்படிப்பட்ட நிலையில் மாதிரிக்குத் திரும்பிப் போய் அந்த மேல்வகைப் பெட்டி உண்மையிலேயே வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது தேவையில்லாமல் வரையப்பட்டிருக்கும்.

## வழி 3: பொது டேபிள் ஒன்று, உள்வகைக்கொரு டேபிள்

வரைபடத்துக்கு மிக நெருக்கமான வழி. "வரவு" டேபிளில் பொதுவானவை. "காசோலை" டேபிளில் காசோலைக்கு உரியவை மட்டும். காசோலையின் பிரைமரி கீயே வரவைச் சுட்டும் ஃபாரின் கீ. ரீஃபண்டு வரவைச் சுட்டும், மறுப்பு காசோலையைச் சுட்டும். இரண்டும் இயல்பாகவே அமையும்.

இவ்வளவோடு நிறுத்தினால் ஒரு ஓட்டை இருக்கிறது: வரவு எண் 57 காசோலை டேபிளிலும் அட்டை டேபிளிலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். அடைக்கும் முறை:

1. வரவு டேபிளில் "வகை" நெடுவரிசை வையுங்கள்; நாட்-நல்.
2. அதே டேபிளில் (எண், வகை) இரண்டுக்கும் சேர்த்து யுனீக் கொடுங்கள். எண் ஏற்கெனவே பிரைமரி கீ என்பதால் இது வெட்டிவேலையாகத் தோன்றும். ஆனால் ஃபாரின் கீ சுட்ட இந்த ஜோடிக்கு யுனீக் தேவை.
3. காசோலை டேபிளிலும் "வகை" வையுங்கள்; நாட்-நல், டீஃபால்ட் 'காசோலை', செக் விதி வகை = 'காசோலை'.
4. ஃபாரின் கீயை (எண், வகை) என்ற ஜோடியாக வரவு டேபிளுக்குக் கொடுங்கள்.

இப்போது அட்டை வரவாகப் பதிவான எண்ணுக்குக் காசோலை வரிசை எழுதவே முடியாது. உள்வகைகள் ஒன்றின்மேல் ஒன்று படியலாம் என்றால் — மாணவரும் ஊழியரும் போல — இந்த வகை நெடுவரிசையையே விட்டுவிடுங்கள். எளிய ஃபாரின் கீ போதும். படியும் உள்வகைகளை இவ்வளவு சுத்தமாகத் தாங்குவது இந்த வழி ஒன்றுதான்.

அடைபடாத ஓட்டை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. வரவு டேபிளில் வகை 'காசோலை' என்று இருந்தும், காசோலை டேபிளில் வரிசை இல்லாமல் போகலாம். பொதுவும் தனியும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத தொகுப்பில்) எழுதப்பட வேண்டும் என்பதை ஃபாரின் கீ கட்டாயப்படுத்தாது. போஸ்ட்கிரஸில், கமிட் நேரத்தில் (அந்தத் தொகுப்பு முடிந்து பதிவாகும்போது) சரிபார்க்கும்படி தள்ளிவைத்த கான்ஸ்ட்ரெய்ண்ட் டிரிக்கர் (தானாக ஓடும் சரிபார்ப்பு நிரல்) எழுதலாம். மைஎஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் அப்படித் தள்ளிவைக்கும் வசதி இல்லை; அங்கே எழுதும் வேலையை ஒரு ஸ்டோர்டு புரொசீஜர் (தரவுத்தளத்திலேயே சேமித்த நிரல்) வழியாக மட்டுமே அனுமதித்து, தனி டேபிளில் வரிசை இல்லாத வரவுகளைத் தேடும் க்வெரியை (தேடல் கட்டளையை) அவ்வப்போது ஓட்டுவது நடைமுறை.

ஜாயின் (இரண்டு டேபிள்களை இணைத்துப் படிப்பது) மெதுவாகிவிடும் என்ற புகார் அடிக்கடி வரும். பிரைமரி கீயோடு பிரைமரி கீ சேரும் ஜாயின் இது. தரவுத்தளத்துக்கு மிக மலிவான வேலைகளில் ஒன்று. உண்மையில் வலிப்பது வேறு இடம்: தேதி வரவு டேபிளில், வங்கி காசோலை டேபிளில் இருக்க, "இந்தத் தேதிக்குள் இந்த வங்கியின் காசோலைகள்" என்று வடிகட்டினால், இரண்டையும் தாங்கும் ஒரே சாதாரண இண்டெக்ஸ் போட வழியில்லை. சாதாரண இண்டெக்ஸ் டேபிள்களைத் தாண்டாது. இந்தக் கேள்விதான் உங்கள் மென்பொருளின் முதன்மைக் கேள்வி என்றால் வழி 1-ஐ மறுபடி யோசியுங்கள்.

ரீஃபண்டு டேபிளில் வரவைச் சுட்டும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போட மறக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு எஞ்சின் தானே போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரஸ் போடாது. இல்லாவிட்டால் ஒரு வரவை அழிக்கும்போதெல்லாம் ரீஃபண்டு டேபிளை முழுதாகப் படிக்கும்.

## வழி 4: பொது நெடுவரிசைகளும் ஒரு ஜேசான் நெடுவரிசையும்

உள்வகைக்கு உரியதையெல்லாம் ஒரு ஜேசானில் (சாவி-மதிப்பு ஜோடிகளாக எழுதும் வடிவம்; இங்கே சாவி என்பது புலத்தின் பெயர்) போட்டுவிடுவது. புதிய வகை வந்தால் டேபிளில் கைவைக்கவே வேண்டாம். இந்தச் சுதந்திரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: விதிகளைத் தரவுத்தளத்திடமிருந்து எடுத்துவிட்டதால் வருகிறது. சாவியின் பெயரை ஒருவர் "காசோலை_எண்" என்றும் இன்னொருவர் "காசோலைஎண்" என்றும் எழுதினால் இரண்டும் ஏறும். ஜேசானுக்குள் இருக்கும் மதிப்பிலிருந்து நேரடியாக ஃபாரின் கீ போட முடியாது. செக் விதி எழுதலாம். ஆனால் இல்லாத சாவியைக் கேட்டால் வெற்று வரும், முன்பு சொன்ன "தெரியாது" பொறி இங்கே இன்னும் எளிதில் மாட்டும். போஸ்ட்கிரஸில் ஒரு சாவியை மாற்றினாலும் முழு ஜேசானும் திரும்ப எழுதப்படும்.

பணம் பெறும் சேவை திருப்பி அனுப்பும் முழுப் பதிலை அப்படியே காத்துவைப்பது போன்ற வேலைக்கு இது மிகப் பொருத்தம்: வடிவம் நம் கையில் இல்லை, அதை வைத்துத் தேடப் போவதில்லை, எப்போதாவது எடுத்துப் படிப்போம். ஒரு சாவியை வைத்து வாரம் ஒரு முறையாவது தேடுகிறீர்கள் என்றால் அது நெடுவரிசையாக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பொருள், பண்பு, மதிப்பு என்று மூன்றே நெடுவரிசையில் எல்லாவற்றையும் அடைக்கும் பழைய முறையும் ஒன்று உண்டு. ஐந்து பண்பு வேண்டுமென்றால் ஐந்து ஜாயின், தொகையும் தேதியும் எழுத்துச் சரமாக. ஜேசான் நெடுவரிசை இருக்கும் தரவுத்தளத்தில் அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

## பக்கத்தில் பக்கத்தில்

| கேள்வி | ஒரே டேபிள் | வகைக்கொரு டேபிள் | பொது + தனி | ஜேசான் |
|---|---|---|---|---|
| உள்வகையின் கட்டாயப் புலம் | செக் விதியால் | நாட்-நல் | நாட்-நல் | சிரமம் |
| எந்த வரவையும் சுட்டுதல் | எளிது | ஃபாரின் கீ உடையும் | எளிது | எளிது |
| காசோலையை மட்டும் சுட்டுதல் | வகை ஜோடி உத்தியால் | எளிது | எளிது | வகை ஜோடி உத்தியால் |
| எல்லா வகையும் சேர்ந்த மொத்தம் | ஒரே டேபிள் | யூனியன் ஆல் | பொது டேபிள் போதும் | ஒரே டேபிள் |
| புதிய உள்வகை | நெடுவரிசை, செக் விதிகள் | புதிய டேபிள், சுட்டுபவை எல்லாம் | புதிய டேபிள் மட்டும் | எதுவுமில்லை |
| படியும் உள்வகைகள் | வகை நெடுவரிசை போதாது | பொதுத் தகவல் இரட்டிக்கும் | இயல்பு | குழப்பம் |

நம் வரவு எடுத்துக்காட்டுக்கு என் தேர்வு வழி 3. மறுப்பு காசோலையை மட்டும் சுட்டுவதும், ரீஃபண்டு எதையும் சுட்டுவதும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. மறுப்பு டேபிளே இல்லாமல், காசோலைக்கு இரண்டே நெடுவரிசை இருந்திருந்தால் தயங்காமல் வழி 1. கலந்தும் செய்யலாம்: அட்டையும் பரிமாற்றமும் ஓரிரு நெடுவரிசையோடு வரவு டேபிளிலேயே இருக்க, காசோலைக்கு மட்டும் தனி டேபிள். வரைபடத்தில் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கின்றன என்பதற்காக டேபிளிலும் மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை.

## தவறாகத் தேர்ந்தெடுத்தால் திரும்பி வரும் செலவு

வழி 1-இலிருந்து 3-க்கு மாறுவது பெரிய வேலை அல்ல. காசோலை டேபிளை உருவாக்குங்கள். எழுதும் நிரலை முதலில் இரண்டு டேபிளுக்கும் எழுதும்படி மாற்றி, அதன்பின் வகை 'காசோலை' உள்ள பழைய வரிசைகளின் நெடுவரிசைகளைப் புதிய டேபிளில் நகலெடுங்கள். பிறகு பழைய டேபிளின் பெயரை (எழுதும் நிரலிலும் சேர்த்து) மாற்றிவிட்டு, பழைய பெயரிலேயே இரண்டையும் லெஃப்ட் ஜாயின் (காசோலை இல்லாத வரவையும் விடாமல் இணைப்பது) செய்யும் வியூ (டேபிள் போலத் தெரியும் சேமித்த க்வெரி) ஒன்று வைத்தால், படிக்கும் க்வெரிகள் தொடர்ந்து ஓடும். போஸ்ட்கிரஸில் ஃபாரின் கீகள் பெயர் மாறிய டேபிளோடு தாமே போகும். அங்கே ஜாயின் உள்ள வியூவில் நேரடியாக எழுத முடியாது. எழுதும் நிரலை முதலில் மாற்றச் சொன்னது அதனால்தான். எல்லாம் நகர்ந்த பிறகு பழைய நெடுவரிசைகளை நீக்கலாம். வரவு எண்கள் ஒன்றுகூட மாறாது.

வழி 2-இலிருந்து 3-க்கு வருவது அப்படியல்ல. மூன்று டேபிளிலும் எண் 57 இருந்தால் இரண்டு வரவுகளுக்காவது புதிய எண் கொடுத்தாக வேண்டும். பழைய வகை, பழைய எண், புதிய எண் என்ற மூன்றையும் வைத்து ஒரு மொழிபெயர்ப்பு டேபிள் போட்டு, சுட்டும் ஒவ்வொரு டேபிளையும் அதன் வழியாக மாற்ற வேண்டும். ஃபாரின் கீ இல்லாமல் விட்டிருந்தால் அநாதை வரிசைகளை முதலில் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க வேண்டும். அச்சடித்துக் கொடுத்த ரசீதுகளிலும் பிற அமைப்புகளுக்கு அனுப்பிய கோப்புகளிலும் பழைய எண்தான் இருக்கும். அந்த மொழிபெயர்ப்பு டேபிளை அதன்பின் நீக்கவே முடியாது. எந்தப் பக்கம் போவது என்று உறுதியாகத் தெரியாதபோது, ஒரே டேபிளில் தொடங்கச் சொல்வது இதனால்தான்.